பழங்காலப் படகுக்கு விருத்தாசலத்துப் பீங்கான்

பழைய நீராவிப் படகின் தோற்றத்தில் உல்லாசப் படகு கட்டுகிறவர்கள், விளக்கு என்றதும் பித்தளைத் தண்டையும் பூப்போட்ட கண்ணாடிக் குடுவையையும் தேடி ஓடுகிறார்கள். குடுவைக்கு மேலே மரக்கூரையில், கம்பி இறங்கும் இடத்தை மூடும் 'ரோஸ்' மட்டும் பளபளவென்று பிளாஸ்டிக்கில். வேஷம் அங்கேயே கலைந்துவிடுகிறது.

மின்விளக்குக்கும் கப்பலுக்கும் உறவு பழையது. எடிசனின் பல்புகள் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வெளியே முதலில் வியாபாரத்துக்குப் போனது 1880-ல், 'கொலம்பியா' என்ற நீராவிக் கப்பலுக்கு. அந்தக் கப்பலில் அறை விளக்கின் சுவிட்ச் வெளியே பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. தூக்கம் வந்தால் பணியாளைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்ல வேண்டும்! தொடக்க கால ஹோல்டர்கள் மரத்தால் ஆனவை. மரம் ஈரத்தில் ஊதும், சூட்டில் கருகும். அதனால்தான் ரோஸ், ஹோல்டர், கம்பியைத் தாங்கும் கிளீட், ஃபியூஸ் கட்டை என்று எல்லாம் பீங்கானுக்கு மாறின.

அந்தப் பீங்கான் வித்தை தெரிந்த ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும். எலக்ட்ரிக் கடைக்காரர்களுக்குப் பீங்கான் சாமான். செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்லூரியும் இங்கே உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம்.

களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்து, லேசான ஈரப்பதத்தோடு இரும்பு அச்சில் கொட்டி அழுத்துகிறார்கள். விளிம்புப் பிசிறைத் துடைத்து, உலர்த்தி, கிளேஸ் பூசி, 1,200 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். சூளையில் பொருள் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சை முன்கூட்டியே பெரிதாக வெட்டாவிட்டால் பித்தளைத் திருகு துளையில் ஏறாது. படகுக்காரர் பழைய மாதிரி ஒன்றைக் கொடுத்து 'அப்படியே வேண்டும்' என்றால், அச்சு வெட்டுகிறவர் அளவை மாற்றித்தான் வெட்டுவார்.

உள்ளே எல்.ஈ.டி. இருக்கட்டும், தப்பில்லை. 2,200 கெல்வின் அளவில் மஞ்சள் ஒளி தரும் பல்பைப் போட்டால் போதும். 6,500 கெல்வின் வெள்ளையில் எந்தப் பீங்கானும் ஆஸ்பத்திரிச் சாமானாகிவிடும். வெளித்தளத்தில் அழகுக்காகச் சிவப்பு, பச்சைக் கண்ணாடி வைக்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது எதிரே வரும் படகோட்டிக்கான அடையாளம். அலங்கார விளக்கைப் பார்த்து அவர் திசை தவறினால் மோதல்தான். சுக்கான் அறைக்குள் வெளிச்சம் விழாதபடியும் மறைக்க வேண்டும்.

இன்னொன்று, இன்ஜின் அதிர்வு. அதற்குப் பயந்து திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். அடியில் ரப்பர் வாஷர் கொடுத்து, கையால் திருகும் அளவு முறுக்கோடு நிறுத்த வேண்டும். உடைந்தால் மாற்ற, ஆர்டர் கொடுக்கும்போதே கொஞ்சம் கூடுதலாகச் சுட்டு வாங்கி வைப்பது நல்லது. அடுத்த முறை அதே அச்சைத் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை.