பள்ளி மாணவர்களின் கிட்டப்பார்வை

பள்ளி மாணவர்களின் கிட்டப்பார்வை என்பது, பள்ளி வயதில் தோன்றி, வளரும் பருவத்தில் கூடிச் செல்லக்கூடிய பார்வைக் குறைபாடு ஆகும். அருகிலுள்ள எழுத்து தெளிவாகவும் கரும்பலகை மங்கலாகவும் தெரிவது இதன் முதன்மை அறிகுறியாகும். கணினியும் திறன்பேசியும் கல்வியில் இடம்பெற்ற பின்னர் இதுபற்றிய கவலை மிகுந்துள்ளது. எனினும் திரை மட்டுமே இதற்குக் காரணம் அன்று.

காரணங்கள்

விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளும்போது, தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பாகவே குவிகின்றது. மரபு, நெடுநேரம் அருகில் பார்த்தல், பகலொளியில் குறைவாக இருத்தல் ஆகியன இதற்குத் துணைபுரிகின்றன. திறந்தவெளியில் பகலொளி 10,000 லக்சையும் தாண்டும்; வகுப்பறைகளில் பெரும்பாலும் 500 லக்சுக்கும் குறைவாகவே இருக்கும். மிகுந்த ஒளியில் விழித்திரையில் சுரக்கும் டோப்பமைன், விழிக்கோளம் நீள்வதைத் தடுப்பதாகக் கருதப்படுகின்றது.

திரையைக் கூர்ந்து நோக்கும்போது இமைப்பது குறைவதால் கண் உலர்வும் எரிச்சலும் உண்டாகின்றன. இவை ஓய்வெடுத்தால் நீங்கும். ஆனால் நீண்டுவிட்ட விழிக்கோளம் பழைய அளவிற்குத் திரும்புவதில்லை. கடுமையான கிட்டப்பார்வை உடையோருக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு கூடுகின்றது.

சேலம், நாமக்கல் பகுதி

1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம், விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணையும் தொழிற்கல்வி இடத்தையும் நாடிப் பிற மாவட்ட மாணவர்களும் இங்கு தங்கிப் பயில்கின்றனர். காலையும் இரவும் படிப்பு நேரமாக அமையும் விடுதி வாழ்க்கையில், திறன்பேசி இல்லாவிடினும் அருகில் பார்க்கும் நேரம் நீள்கின்றது. வெயில் மிகுந்த இச்சமவெளியில் பகலொளிக்குப் பஞ்சமில்லை. விளையாட்டு வேளை பாடவேளையாக மாறும்போதே அது மாணவர்களுக்குக் கிட்டாமற் போகின்றது.

கல்வியில் திரைகள்

தமிழ்நாட்டில் 2011 இல் விலையில்லா மடிக்கணினித் திட்டமும், 2019 இல் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டன. கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் இணையவழி வகுப்புகள் பரவின. இவை தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடரப்பட்டன. 2020 சூலையில் நடுவண் அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது.

தடுப்பும் கண்டறிதலும்

நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கின்றது. தைவான் 2010 இல் இதனைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. அங்கு தொடக்கப்பள்ளி மாணவர்களுள் பார்வைக் குறைவுடையோர் 2011 இல் 50 விழுக்காடாக இருந்து, 2015 இல் 46.1 விழுக்காடாகக் குறைந்தனர். மர நிழலும் பயன் தரும் என்பதால், கோடையில் கடும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. படிக்கும்போது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடிகள் பார்ப்பது கண்களின் களைப்பைக் குறைக்கும்.

எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணுவதால், பார்வை குறைந்த குழந்தைகள் பெரும்பாலும் அதனைக் கூறுவதில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், புத்தகத்தை முகத்தருகே பிடித்தல், பலகையைப் பார்த்து எழுதுகையில் பிழை விடுதல் ஆகியவற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் கவனித்தல் வேண்டும். அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கண் பரிசோதனைகளில் குறைபாடு கண்டறியப்படும் மாணவர்களுக்கு மூக்குக்கண்ணாடி இலவசமாக வழங்கப்படுகின்றது.