பதினோராவது பொருத்தம்

ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். நிச்சயதார்த்த மண்டபத்துக்கு அட்வான்ஸ்கூட கொடுத்தாச்சு. அந்த நேரம் பார்த்துத்தானா என் ரத்தம் வாலாட்ட வேண்டும்?

ஆறு மாசம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டவில்லை. மந்தைவெளியில் எங்கள் தெரு டாக்டர் சந்தேகப்பட்டு ‘ஹெச்பி ஏ2’ என்று ஒரு டெஸ்ட் எழுதினார். ரிசல்ட் 5.2 சதவீதம். மூன்றரையைத் தாண்டினாலே சந்தேகமாம்.

"தலசீமியா மைனர். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கட்டிக்கப்போற பொண்ணுக்கும் இது இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு சான்ஸ், குழந்தைக்கு மேஜர். சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும்... ஆயுசு பூரா."

"பிறந்ததுமே தெரிஞ்சுடுமா ஸார்?"

"அதான் வேடிக்கை. பிறக்கறப்ப ஜம்முனு இருக்கும்!"

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஹீமோகுளோபினே வேறு. அம்மாவின் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்குவதில் கெட்டி. அதைத் தயாரிக்க உதவுவது காமா குளோபின் ஜீன். பிறந்த சில மாதங்களில் காமா கணக்கை மூடிவிட்டு, பொறுப்பு பீட்டா ஜீனின் கைக்குப் போகிறது. கோளாறு பீட்டாவில்தான் என்பதால் குட்டு அப்போதுதான் வெளிப்படும்.

நான் பி.காம். மூடிய லெட்ஜரை யாரும் கிழித்துப் போடுவதில்லை என்று தெரியும். உங்களுக்குள்ளும் எனக்குள்ளும் காமா ஜீன் ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே இருக்கிறது. மேலே மீத்தைல் என்ற பொடிப்பொடி சீல்கள். வாசலில் பிசிஎல்11ஏ என்ற புரதம், வாட்ச்மேன் மாதிரி. இத்தனை கூத்தும் எலும்பு மஜ்ஜைக்குள். (சிவப்பணு ரத்தத்துக்கு வரும்போது ஜீன் பெட்டியையே வீசிவிட்டுத்தான் வரும்!) எழுத்தைத் தொடாமல் ஜீனைத் திறந்து மூடும் இந்த வித்தைக்குப் பெயர் எபிஜெனிடிக்ஸ்.

அப்படியானால் சீலை உடைத்தால்? 1982இல் அமெரிக்காவில் அஸாசைடிடின் என்ற மருந்தைக் கொடுத்து, ஒரு தலசீமியா நோயாளிக்குக் காமாவை எழுப்பிக் காட்டினார்கள். விஷத்தன்மை பயமுறுத்தியது. பிறகு வந்தது ஹைட்ராக்ஸியூரியா, விலை குறைந்த மாத்திரை. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952லேயே கண்டறியப்பட்ட அரிவாள் செல் கோளாறுக்கு இது நன்றாகக் கேட்கிறது. தலசீமியா மேஜரிடம் அவ்வளவாகப் பாச்சா பலிப்பதில்லை.

2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, வாட்ச்மேனுக்குச் சம்பளம் போகும் வழியையே கத்தரித்துவிட்டுத் திருப்பி ஏற்றுகிறது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அந்தப் பணத்துக்கு மந்தைவெளியில் எத்தனை ஃப்ளாட் என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விட்டேன்.

நம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்தே தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அதற்குப் பொருந்துகிற அண்ணனோ தங்கையோ வாய்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட மலிவு, பெண்ணுக்கு ஒரு டெஸ்ட். ஆனால் யார் கேட்பது? ராத்திரி பூரா ஒத்திகை பார்த்துவிட்டு, பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று போன் பண்ணினேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மௌனம். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

"எந்த லேப்ல பாத்தீங்க? வெறும் வயித்தோட போகணுமா?" என்றாள்.

நாலாம் நாள் ரிசல்ட் வந்தது. 2.7!

அவள் மாமா மட்டும் இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பேரீச்சம்பழம் வாங்கி நீட்டுகிறார்.