இளைஞரின் முதல் கார்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பதினெட்டு வயதை நெருங்கும்போது ஒரு வேண்டுகோள் எழுவதுண்டு. "புதிய கார் கேட்கவில்லை, அப்பா, பழைய காரே போதும். ஆனால் அது ஸ்போர்ட்ஸ் காராக இருக்கட்டும்" என்று மகன் கேட்கிறான். இக்காலத்தில் மகளும் அவ்வாறே கேட்கிறாள். புதிய சிறு கார் ஒன்றின் விலைக்குள்ளேயே, சில ஆண்டுகள் ஓடிய வேகக் கார் கிடைத்துவிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தந்தைக்குச் சிக்கனம், பிள்ளைக்கு மகிழ்ச்சி. எனினும் இச்செய்தி அவ்வளவில் முடிவதன்று. சட்டம், இயந்திரம், பணம், உயிர் ஆகிய நான்கும் இதில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் தாழ்ந்த உடலும் இரண்டே இருக்கைகளும் கொண்ட அயல்நாட்டு வண்டி நம் கண்முன் நிற்கும். நம் நாட்டுப் பழைய கார்ச் சந்தையில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அத்தகையதன்று. சாதாரணக் குடும்பக் காரின் உடலில் வலிமை மிக்க என்ஜினைப் பொருத்தி வெளியிட்ட வகைகளே அவை. 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த ஹோண்டா சிட்டி விடெக், 2001-இல் வந்த ஃபியட் பாலியோ 1.6, 2015-இல் 145 குதிரைச் சக்தியுடன் வந்த ஃபியட் புன்டோ அபார்த், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. ஆகியவற்றை இளைஞர்கள் இன்றும் விரும்பித் தேடுகின்றனர். இவற்றுள் முதலிரண்டும் பதினைந்து ஆண்டு எல்லையை என்றோ கடந்தவை. ஃபியட் நிறுவனம் 2019-இல் நம் நாட்டில் கார் விற்பனையை நிறுத்திவிட்டது. போலோ காரின் உற்பத்தியும் இங்கே 2022-இல் நின்றுபோயிற்று. ஆதலின், விரும்பும் வண்டிக்கு உதிரி உறுப்புகள் நாம் வாழும் ஊரில் கிடைக்குமா என்பதை முதலிலேயே விசாரித்தறிதல் வேண்டும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் பொது இடத்தில் கார் ஓட்டுதல் கூடாது. பதினாறு வயதில் கிடைக்கும் உரிமம், 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத என்ஜின் கொண்ட கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டுமே உரியது. 2019-இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது 199-அ என்னும் பிரிவு சேர்ந்தது. வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகவே கருதப்படுவர். தமக்குத் தெரியாமல் நடந்ததென்றோ, தடுக்கத் தக்க முயற்சி செய்ததாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்களுடையது. மெய்ப்பிக்க இயலாதவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கப்படும். அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமே கிடையாது. "பிறந்தநாளுக்கு இன்னும் நான்கு மாதம்தானே" என்று சாவியைக் கொடுக்கும் தந்தை, மகனுடைய ஏழாண்டுகளையும் தம்முடைய நற்பெயரையும் பணயம் வைக்கிறார்.

2024 மே மாதம் புணே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில் நள்ளிரவுக்குப்பின் நிகழ்ந்ததை நாடே அறியும். பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போர்ஷே கார் ஒன்று, மோட்டார் சைக்கிளில் சென்ற இருவர்மீது மோதியது. உயிரிழந்த இருவரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து புணேக்கு வேலைக்கு வந்திருந்த இளம் பொறியாளர்கள். சிறுவனின் தந்தையும் கைதானார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களாகிய நாம் இச்செய்தியை இருபுறமும் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாவியைக் கொடுக்கும் பெற்றோரும் நம்முள் இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து சாலையில் வரும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

பதினெட்டு நிரம்பி உரிமமும் பெற்றாயிற்று என்றால் அச்சம் நீங்கியதாகுமா? மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் அளவு மீறிய வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். அதைச் சாலையில் வைத்துக் காண்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 17 மீட்டர் சென்றுவிடும். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். 120 கிலோமீட்டர் வேகத்திலோ, மொத்தம் 110 மீட்டருக்கு மேல் ஓடியே வண்டி நிற்கும். மழை பெய்த சாலையிலும் தேய்ந்த டயரிலும் இத்தொலைவு இன்னும் நீளும்.

இளையோருக்கு அனுபவக் குறைவு ஒன்று; ஆபத்தை எடைபோடும் அறிவு இருபதுகளின் நடுப்பகுதியில்தான் முழுமையாக முதிர்கிறது என்பது மற்றொன்று. ஒத்த வயதுத் தோழர்கள் உடன் அமர்ந்தாலும், இரவு நேரமானாலும் அவர்களுக்கு விபத்து மிகுகிறது. இதனையறிந்த நாடுகள் உரிமத்தைப் படிப்படியாக வழங்குகின்றன. நியூசிலாந்து 1987-லேயே இம்முறையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், புதிதாக உரிமம் பெற்றோர் எடைக்கு மிஞ்சிய வலிமையுள்ள வண்டிகளை ஓட்டுவதற்கே தடை உண்டு. நம் நாட்டில் அத்தகைய படிநிலை இல்லை. ஆகவே அப்படிகளை வகுக்கும் கடமை பெற்றோரைச் சேர்ந்ததாகிறது.

பழைய வேகக் காரில் மற்றொரு குறை உண்டு. இன்றைய சாதாரணக் காரில் உள்ள காப்பு ஏற்பாடுகள் அதில் இல்லாமற் போகலாம். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக், ஓட்டுநருக்கான காற்றுப் பை, பெல்ட் அணியாவிடில் ஒலிக்கும் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை ஆகியவை 2019-இல்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முற்பட்ட வண்டியாயின் இவை உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். இருப்பதாகச் சொன்னாலும், முன்னொரு விபத்தில் வெடித்த காற்றுப் பை மீண்டும் பொருத்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் காற்றுப் பைக்குரிய விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைவதே முறை. எரியாமலே இருந்தாலும், அணையாமல் நின்றாலும் ஐயத்துக்கிடம் உண்டு.

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். விற்பவரைச் சாராத மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும் நிலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை எரிபொருள் மிகையைக் காட்டும். வெண்புகை ஓயாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். டர்போ பொருத்திய என்ஜினாயின், குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றிய சர்வீஸ் குறிப்புகள் இன்றியமையாதன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். மீட்டர் காட்டும் கிலோமீட்டர் குறைவாகவும், பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் மிகவும் தேய்ந்தும் இருந்தால், மீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகிட்டு விற்பனைக்கு வருவதும் உண்டு. தரைவிரிப்பின் அடியில் பூஞ்சை நாற்றம், இருக்கைத் தண்டவாளத்தில் துரு, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் ஆகியவை அதற்கு அடையாளங்கள்.

என்ஜினின் கணினியைத் திருத்தி வலிமை கூட்டிய வண்டியையும், பேரொலி எழுப்பும் புகைக்குழாய் பூட்டிய வண்டியையும் தவிர்ப்பதே நன்று. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அத்தகைய மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும்.

பத்திரங்களில் நம்மவர்க்குக் கூடுதல் கவனம் வேண்டும். அவை பெரும்பாலும் நமக்குப் பழகாத மொழியில் இருப்பவை. ஹிந்தி வழங்கும் இடங்களில் 'பஞ்ஜீயன்' என்பது பதிவு, 'ஹஸ்தாந்தரண்' கைமாற்றம், 'பீமா' காப்பீடு, 'அனாபத்தி பிரமாண் பத்ர' என்பது தடையில்லாச் சான்று, 'சாலான்' அபராதச் சீட்டு. மராட்டியில் பதிவை 'நோந்தணி' என்றும், காப்பீட்டை 'விமா' என்றும் சொல்வர். பொருள் விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள். நிரப்பப்படாத படிவத்தில், விளங்கும் மொழியாயினும் கையொப்பம் இடாதீர்கள்.

கைமாற்றத்துக்கு உரியவை 29, 30 எண்ணுள்ள படிவங்கள். வண்டி மீது கடன் இருந்து தீர்ந்திருந்தால் 35-ஆம் படிவமும் வங்கியின் கடிதமும் வேண்டும். பிற மாநிலத்தில் பதிவான வண்டியாயின் 28-ஆம் படிவத்தின் வழிப் பெறும் தடையில்லாச் சான்று தேவை. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும்; அங்குள்ள வரியையும் செலுத்த வேண்டும். ஊரிலுள்ள உறவினரிடமிருந்து மலிவாக வாங்கி டில்லிக்கோ பெங்களூருக்கோ கொண்டுவர எண்ணுவோர் அவ்வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி பல கை மாறியிருந்தும் பதிவேட்டில் பெயர் மாறாதிருந்த ஒரு வழக்கில், பதிவேட்டில் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நம் பழைய வண்டியை விற்கும்போதும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்வோருக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடலாகாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டன. 2025-இல் உச்ச நீதிமன்றம் இதனை மறுபடியும் ஆராய்ந்து புதிய உத்தரவுகள் இட்டது. ஆகவே பழைய வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன், அன்றைய நிலையைப் பதிவு அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம். மற்றப் பகுதிகளிலும் பதினைந்தாண்டு முடிந்த காரைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

பணக் கணக்கு வாங்கும் விலையோடு முடிவதில்லை. 1500 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட என்ஜின் கொண்ட காருக்கு, கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை, அதற்கு அடுத்த கீழ்ப் பிரிவைவிட இருமடங்குக்கும் மேலாக 2022-இல் நிர்ணயிக்கப்பட்டது. அகன்ற டயர், உயர்தர எண்ணெய், விரைவில் தேயும் கிளட்ச் யாவும் வேகக் காரில் செலவு மிக்கவை. முன்னவர் பெற்றிருந்த 'கோரிக்கை இல்லாச் சலுகை' அவரைச் சேர்ந்ததேயன்றி வண்டியைச் சேர்ந்ததன்று.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால் நடைமுறைக்கு உகந்த வழி ஒன்று புலப்படும். முதல் கார் 2019-க்குப் பிற்பட்ட, மிதமான வலிமையுள்ள, காப்பு ஏற்பாடுகள் நிறைந்த சாதாரணக் காராக இருக்கட்டும். முதலாண்டில் இரவுப் பயணத்தையும் தோழர் கூட்டத்தையும் குறைத்துக்கொள்ளும்படி பிள்ளையோடு பேசி ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். பெற்றோர் அருகமர்ந்து மழையிலும் நெடுஞ்சாலையிலும் சில நூறு கிலோமீட்டர் பழக்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அபராதச் சீட்டும் விபத்துமின்றிக் கழிந்தபின், வேகக் கார் மீது ஆசை எஞ்சியிருந்தால், அப்போது தம் வருவாயில் பிள்ளையே வாங்கிக்கொள்ளலாம். அவ்வாறு வாங்கியதன் வேகத்தையும், பொதுச் சாலையில் அன்றி, கோயம்புத்தூரிலோ சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள பந்தயத் தடம் போன்ற உரிய இடத்தில், பயிற்சியோடு சோதித்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் ஆசையைக் குற்றமென்று கடிந்து ஒதுக்க வேண்டுவதில்லை. இயந்திரத்தின்மீது கொண்ட விருப்பம் ஒரு கல்வியின் தொடக்கமாகவும் அமையலாம். மேற்கூறிய சோதனைகளைப் பிள்ளையின் கையிலேயே ஒப்படைத்து, பத்திரங்களைப் படிக்கவும், டயரின் இலக்கங்களைப் பார்க்கவும், செலவுக் கணக்கைப் போடவும் செய்யுங்கள். எந்தக் காரை வாங்குவது, எதனை விடுவது என்னும் முடிவு அப்போது பெற்றோரின் தடையாகத் தோன்றாது. பிள்ளை தானே ஆராய்ந்து கண்ட முடிவாக நிற்கும்.