காரில் மஞ்சள் விளக்கு எரிகிறதா? அவசரப்பட்டு சென்சாரை மாற்றாதீர்கள்!

கம்ப்யூட்டர் கொடுப்பது புகார்தான். குற்றவாளியைப் பிடிப்பது மெக்கானிக் கையில்!

சென்னை,

காரின் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் போதும், வண்டிக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "சென்சார் போச்சு சார்" என்ற ஒரு வார்த்தையில் சில ஆயிரம் ரூபாய் பறந்துவிடுகிறது. புது சென்சார் போட்ட மூன்றாம் நாளே அதே விளக்கு மறுபடியும் பல்லைக் காட்டுகிறது!

ஏன் இப்படி? காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் நம்பரைச் சரியாகப் படிக்காததுதான் பல நேரங்களில் காரணம்.

வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. வண்டி ஒரு நாள் ஷெட்டில் நின்றால் அன்றைய வருமானம் அவ்வளவுதான். மாதத் தவணை மட்டும் நிற்காது!

காதுதான் மீட்டர்

அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் மெக்கானிக்கின் காதுதான் மீட்டர். நீளமான ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினில் வைப்பார். மறுமுனையைக் காதில் வைத்து நோயைச் சொல்லிவிடுவார். கார்புரேட்டர், பிளக், பாயிண்ட். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி.

கார்புரேட்டர் போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, என்ஜின் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று சென்சார்கள் வினாடிக்குப் பல தடவை தகவல் சொல்கின்றன. அதைப் பார்த்து, எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கணக்கு உதைத்தால் ஒரு நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடுகிறது. இந்த நம்பரைத்தான் 'எரர் கோடு' என்கிறார்கள்.

இந்த ஏற்பாடு பிறந்தது அமெரிக்காவில். கார் புகையால் மூச்சுத் திணறிய கலிபோர்னியா மாநிலம், 1988 மாடல் கார்களில் இருந்து இதைக் கட்டாயம் ஆக்கியது. 1996 மாடலில் இருந்து அமெரிக்கா முழுவதும் எல்லா கம்பெனி கார்களுக்கும் ஒரே மாதிரி பிளக், ஒரே மாதிரி நம்பர் என்று ஆனது. இந்தியாவில் கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களிலும் இது நுழைந்துவிட்டது.

ஆக, இந்த விளக்கைக் கட்டாயமாக்கியதே புகையைக் கண்காணிக்கத்தான். 'இந்த சாமானை மாற்று' என்று உத்தரவு போடுவதற்காக அல்ல!

நம்பரில் என்ன இருக்கிறது?

டிரைவர் சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு பிளக் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினால் நம்பர் வந்துவிடும். செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன ஸ்கேனர்கள் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

ஒரு எழுத்து, நான்கு இலக்கம். இதுதான் கோடு. எழுத்து 'பி' என்றால் (பவர் என்பதில் வரும் பி) என்ஜின், கியர் பாக்ஸ் சமாச்சாரம். அடுத்து வருவது 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தந்த கம்பெனியின் சொந்த கோடு. அதற்கடுத்த இலக்கம் இடத்தைச் சொல்லும். 1 என்றால் காற்றும் பெட்ரோலும். 3 என்றால் தீப்பொறி. 4 என்றால் புகை சம்பந்தப்பட்டது.

உதாரணமாக பி-0301 என்றால், முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை? அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது!

மே மாத வெயிலில் மைனஸ் 40 டிகிரி!

ஒரு டிரைவர் ஷெட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, லைட்டு எரியுது. இன்னான்னு பாருண்ணே."

மெக்கானிக் ஸ்கேனரைப் போடுகிறார். பி-0118. பக்கத்தில் 'கூலன்ட் டெம்பரேச்சர்... ஹை' என்று இருக்கிறது.

"என்ஜின் ஓவர் ஹீட் தம்பி! சென்சார், தெர்மோஸ்டாட் ரெண்டையும் மாத்திடலாம்."

இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'ஹை' என்பது சூடு அல்ல, வோல்டேஜ்! இந்த சென்சாருக்குக் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், வோல்டேஜ் இறங்கும். வயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டருக்கு அது கடுங்குளிர் கணக்கு. அதனால் மே மாத வெயிலில் அண்ணா சாலையில் நிற்கும் காருக்கு ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும்!

வயர் ஏன் அறுகிறது? தெருவில் நிறுத்தும் காருக்குள் ராத்திரியில் புகுந்த எலி கடித்திருக்கலாம். மழைத் தண்ணீர் தேங்கி பிளக்கின் பின் பச்சை பூத்திருக்கலாம். எலிக்குத் தெரியுமா, எது வாழைப்பழத் தோல், எது வயர் என்று?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு வயர் உள்ள சென்சாரின் பிளக்கைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் மைனஸ் 40 போய், தாறுமாறான சூடு காட்டினால் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் அவுட். எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு வயரில் இருக்கலாம். புது சென்சார் போட்டும் புண்ணியம் இல்லை. எந்த சென்சார், எந்த வயர் என்று தெரிந்த மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

காசு செலவில்லாத பரீட்சை

பி-0301-க்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள். இரண்டாவதை முதலில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள்.

கோடு பி-0302 என்று மாறினால், நோய் காயிலோடு சேர்ந்து போய்விட்டது. காயில்தான் குற்றவாளி! பி-0301 என்றே நின்றால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பாவம், ஆக்சிஜன் சென்சார்!

அநியாயமாகப் பலியாகும் சாமான் ஒன்று உண்டு. அதுதான் ஆக்சிஜன் சென்சார்.

பி-0171 என்று கோடு வந்தால், காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்று அர்த்தம். இதைக் கண்டு சொல்வது ஆக்சிஜன் சென்சார். சேதி சொன்ன ஆளையே பிடித்து வேலையை விட்டு நீக்கினால் எப்படி?

உண்மையில் வெடித்த வாக்குவம் ஹோஸாக இருக்கலாம். அழுக்கடைந்த காற்று சென்சாராக இருக்கலாம். பலமிழந்த பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் எத்தனை சதவிகிதம் கூடுதல் பெட்ரோல் விடுகிறது என்பதை ஸ்கேனரிலேயே பார்க்கலாம். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் குறைந்தால் காற்றுக் கசிவைச் சந்தேகப்பட வேண்டும். வேகம் கூடக் கூட அதுவும் ஏறினால் பம்ப், பில்டர் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

மின்னினால் ஆபத்து!

விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் அலற வேண்டாம். நிதானமாக ஷெட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் விஷயம் வேறு!

எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் அது எரியும். தேன்கூடு மாதிரி இருக்கும் அதன் உட்பகுதி சூட்டில் உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய சாமான் அது. ஒரு காயில் விலையில் முடிய வேண்டிய வேலை பல மடங்கு செலவாகிவிடும். மின்னினால் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டுவதே நல்லது.

சிவப்பு நிற ஆயில் விளக்கும், சூடு காட்டும் சிவப்பு விளக்கும் வேறு. அவை எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உடனே என்ஜினை அணைக்க வேண்டும்.

அழித்துவிட்டு விற்கும் ஆசாமிகள்

பழைய கார் வாங்குகிறவர்களே, உஷார்! ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டினால் கோடு அழிந்துவிடும். விளக்கும் அணைந்துவிடும். நோய் மட்டும் அப்படியே இருக்கும்! சில நாள் ஓடியதும் விளக்கு திரும்பி வரும். அதற்குள் கார் கை மாறியிருக்கும்.

ஆனால் அழித்தவர் தடயத்தை விட்டுப் போகிறார். கோடை அழித்தால், கம்ப்யூட்டர் செய்து முடித்த சுய சோதனைகளின் பட்டியலும் சேர்ந்து அழியும். ஸ்கேனரில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அந்த மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ ஊமையாக்கி வைத்திருக்கலாம்.

என்ன கேட்க வேண்டும்?

ஷெட்டில் வண்டியை விடும்போது மூன்று விஷயம் போதும். ஒன்று, கோடு நம்பரை அழிப்பதற்கு முன்னால் எழுதி வாங்குங்கள். இரண்டு, கோடு விழுந்த நேரத்தில் வேகம், சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் போட்டோ பிடித்த மாதிரி சேமித்து வைத்திருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும். மூன்றாவதாக, "சாமானை மாத்துறதுக்கு முன்னாடி வயரை செக் பண்ணீங்களா?" என்று கேளுங்கள்.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மீட்டரை எடுத்துக் காட்டுவார்!