கண்ணாடிக்குப் போகுமுன்

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் கணக்கெழுதும் நம்மவர்கள் 40 வயதைத் தாண்டியதும் பேரேட்டைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். வெள்ளெழுத்து வந்துவிட்டது என்பார்கள். மலையாளத்திலும் அதே சொல்தான். தெருவோரத்தில் விற்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பார்வையை அளந்து கண்ணாடி எழுதித் தருபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அறுவை சிகிச்சை கண் மருத்துவரின் வேலை. கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துபவர் வேறொருவர். நாமோ மூவரையும் 'கண் டாக்டர்' என்றே சொல்லிவிடுகிறோம்.

இப்போது இயந்திரமே ஒரு நொடியில் பவரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது தொடக்கம்தான். அனுபவமுள்ளவர் முதலில் கேட்பது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதே. பேரேடு கண்ணிலிருந்து சுமார் 40 செ.மீ. தூரத்தில் இருக்கும்; கம்ப்யூட்டர் திரை 60 செ.மீ.; நகைப் பட்டறையில் உட்காருபவருக்கோ 25 செ.மீ. கூட இராது. ஒரே வயது, ஒரே கண் என்றாலும் மூவருக்கும் பவர் வேறு.

என் பெரியம்மா தமிழ் மட்டுமே படித்தவர். ஒரு கடையில் மலையாள எழுத்து அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். "தெரியவில்லை" என்றாராம். எழுத்துத் தெரியவில்லை என்று அவர் சொன்னதைப் பார்வை தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டதும் தலைசுற்றல்! பிறகு வேறோர் இடத்தில், வயதான ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து நாலா பக்கமும் திரும்பி நிற்கும் அட்டையை மாட்டி, திசையை விரலால் காட்டச் சொன்னார். அதற்கு முன்பே ரெட்டினாஸ்கோப் என்ற கருவியால் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, நிழல் நகரும் விதத்தைக் கொண்டு பாதி கணக்கை முடித்துவிட்டார். பேசாத குழந்தைக்கும் இந்த முறையில் பவர் பார்க்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் பிள்ளை குறையே சொல்லாது. நல்ல கண்ணாலேயே படித்துவிடும். மங்கிய கண் உழைக்காமல் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். 7, 8 வயதுக்குப் பின் அதைத் தேற்றுவது கடினம். பள்ளியில் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கச் செய்யுங்கள்.

கண்ணாடியால் தீராதது கிளாக்கோமா. வலி கிடையாது, பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால் கண்ணாடி எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். கண் அழுத்தத்திலோ நரம்பிலோ ஐயம் தோன்றினால் நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணாடி விற்பதை ஒத்திவைத்து மருத்துவரிடம் அனுப்புவார். நம் ஊரில் அதற்குத் தொலைதூரம் போகவேண்டாம். 1905-ல் தொடங்கிய அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது. 'கண்ணாசுபத்திரி' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

போகும்போது பழைய கண்ணாடியையும் பழைய சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.