நோ இஷ்யூஸ் சார்

2018 ஜூன்ல ஒரு வீடியோ எல்லார் போன்லயும் ஓடுச்சு, ஞாபகம் இருக்கா? பக்கத்து திருவள்ளூர் மாவட்டம், வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு டிரான்ஸ்ஃபர். பசங்க அவரைக் கட்டிப் பிடிச்சு அழுது, போகவே விடலை. டிரான்ஸ்ஃபரைப் பத்து நாள் தள்ளி வைக்க வேண்டியதாப் போச்சு. அப்போ அவருக்கு வயசு 28தான். பாடம் போக, வீட்டு நிலைமை, எதிர்காலம்னு பசங்களோட உட்கார்ந்து பேசுவார்னு செய்தியில் வந்தது.

நம்ம காலேஜ்ல அது கொஞ்சம் கஷ்டம். ஒரு கிளாஸ்ல அறுபது பேர், செமஸ்டருக்கு செமஸ்டர் வேற ஸ்டாஃப். நம்ம பேர் அவங்களுக்குப் பழகறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிடும். அதுக்காகவே அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன்ல ஒரு விஷயம் இருக்கு: கிளாஸ் கமிட்டி. செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரத்திலேயே அமைக்கணும். பாடம் எடுக்கிற ஸ்டாஃபும், மாணவப் பிரதிநிதிகளும் இருக்கணும். தலைவரா இருக்கறவர் அந்த கிளாஸுக்குப் பாடம் எடுக்காதவர். பேசினதை மினிட்ஸா எழுதி, ரெண்டு நாளில் பிரின்சிபாலுக்குக் கொடுக்கணும். (மினிட்ஸுக்குத் தமிழ்ல என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். அவங்களும் மினிட்ஸ்னுதான் சொன்னாங்க.)

இது தொழிற்சாலைகளில் இருக்கும் குவாலிட்டி சர்க்கிள் மாதிரின்னு அந்த ரெகுலேஷனே சொல்லுது. 1960களில் ஜப்பானில் ஆரம்பிச்சது. மெஷின் பக்கத்துல நிற்கிறவனுக்குத்தான் கோளாறு முதல்ல தெரியும், அவனையும் உட்கார வெச்சுப் பேசணும்கிறதுதான் விஷயம்.

நிஜத்துல என்ன நடக்குது? டீ, பிஸ்கட். "ஏதாவது இஷ்யூஸ்?" "நோ இஷ்யூஸ் சார்." கையெழுத்து.

மூணாவது செமஸ்டர்ல அப்படிச் சொன்னவன் நான்தான். ஒரு பாடம் பிபிடி வேகத்துல ஓடிட்டு இருந்தது, பாதி கிளாஸுக்குப் புரியலை. எனக்கு இன்டர்னல் மார்க் பயம். ரிசல்ட் வந்தப்போ கிளாஸ்ல 23 பேருக்கு அரியர். அதில் ஒருத்தன் என் பெஞ்ச்மேட், அவன் வீட்டுல முதல் பட்டதாரி ஆகப் போறவன். அரியரை அடுத்த தடவையே கிளியர் பண்ணிட்டான். ஆனா 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' இருக்கக் கூடாதுன்னு சொன்ன கம்பெனியில அவனால டெஸ்ட்டுக்கே உட்கார முடியலை.

ரிசல்ட் அன்னைக்கு மேடத்தைப் போய்ப் பார்த்தோம். அவங்களுக்கு அது வேலையில் முதல் வருஷம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா, எல்லாருக்கும் புரியுதுன்னு இல்ல நினைச்சேன்"னாங்க. நாலு மணிக்கு மேல பஸ் கிடையாதுன்னு சொன்னதும், மதிய இடைவேளையில அரியர் கிளாஸ் எடுத்தாங்க. அவங்க சாப்பாடு பல நாள் டப்பாவிலேயே இருந்தது. கேட்டா கிடைக்கும்னு எனக்கு அப்போதான் உறைச்சது.

அப்புறம் மாத்திக்கிட்டோம். மீட்டிங்குக்கு முன்னாடி எல்லாரும் பேர் போடாம சீட்டு எழுதுவாங்க. கையெழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு ஒருத்தர் டைப் பண்ணிடுவார். "அவங்க நடத்துறது புரியலை"ன்னு எழுத மாட்டோம். "யூனிட் 3ல இன்னும் ரெண்டு கணக்கு போர்டில் போட்டா நல்லா இருக்கும்"னு எழுதுவோம். எங்ககிட்ட என்ன குறைன்னு ஸ்டாஃபையும் கேட்போம். லேட்டா வர்றதும் போனும்தான் எப்பவும் முதல்ல வரும், அது நியாயம்தான்.

இன்னொன்னு நம்ம ஊர்லேர்ந்தே எடுத்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை பஸ்லேர்ந்து இறங்கிப் பார்த்தவங்க எத்தனை பேர்? பராந்தக சோழன் காலத்துது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவங்களுக்கு மட்டுமான சபைதான், அதுல பெருமைப்பட முடியாது. ஆனா வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவர் பேரைக் குடவோலையில போடக் கூடாதுன்னு அதில் இருக்கு. எங்க கிளாஸ்லயும் போன மீட்டிங்ல எழுதினது என்ன ஆச்சுங்கிறதுதான் முதல் கேள்வி. வந்து கிளாஸ்ல சொல்லாத ரெப்பை மாத்திடுவோம்.

போன வாரச் சீட்டுல ஒண்ணு: "கடைசி பெஞ்சுக்கு போர்டு தெரியலை." சார் படிச்சுட்டு, "மூணு வருஷமா தெரியலையா?"ன்னு கேட்டார். ஆமாம்னோம். மறுநாள் போர்டில் எழுத்து பெருசா இருந்தது.