அந்தேரி–டிராம்பே: கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதை

மும்பையின் புறநகர் ரயில் தடங்களுள் பெரும்பாலானவை தெற்கு வடக்காகச் செல்பவை. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்குச் சென்ற முதல் பயணி ரயில் வகுத்த திசை அது. துறைமுகமும் வணிகமும் தென்கோடியில் குவிந்திருந்தமையால் அதுவே நிலைத்தும் விட்டது. நகரின் குறுக்காகக் கிழக்கிலிருந்து மேற்கே செல்ல வேண்டியோர் நெடுங்காலம் பேருந்தையே நம்பியிருந்தனர்.

ஆயினும், அத்தகைய குறுக்குப் பாதையொன்று முன்பே இருந்தது. ஜி.ஐ.பி. ரயில்வே 1928-இல் அந்தேரியிலிருந்து குர்லா வழியாக டிராம்பே வரை சுமார் 13 கிலோமீட்டர் நீளப் பாதையைத் திறந்தது. செம்பூருக்கு அதற்கு முன்னரே தண்டவாளம் வந்திருந்தது. எனினும் 1906-இல் அது போடப்பட்டது மக்களுக்காக அன்று, நகரின் குப்பையைக் கொண்டு கொட்டுவதற்காகவே. பயணிகள் அதில் ஏறியது 1924-இல்தான்.

புதிய பாதை ஆறு ஆண்டுகளே நீடித்தது, 1934-இல் மூடப்பட்டது. அக்காலத்தில் அப்பகுதி சிற்றூர்களும் வயல்களும் உப்பளங்களுமாகவே இருந்தது. உலகப் பொருளாதார மந்தமும் அதே ஆண்டுகளில் நிலவியது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறிற்று. நாட்டுப் பிரிவினைக்குப்பின் அகதிகள் செம்பூரில் குடியமர்த்தப்பட்டனர். 1950-களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆய்வு நிலையமும் எழுந்தன. மாதுங்காவை அடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் நாடிய இடமாகவும் செம்பூர் வளர்ந்தது. மக்கள் வந்தபோது பாதை இல்லை. குர்லாவுக்கும் அந்தேரிக்கும் இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதியோ விமான நிலையத்தின் வசமாயிற்று.

இதன் விளைவைச் செம்பூர்வாசி நன்கறிவார். புறநகர் ரயிலில் அந்தேரி செல்ல அவர் முதலில் தெற்கே வடாலா வரை இறங்கிச் சென்று, வேறு வண்டிக்கு மாறி, மீண்டும் வடக்கே ஏறி வரவேண்டும். தாராவியின் நிலை வேறு. மேற்கே மாஹிம், கிழக்கே சயான் என இரு தடங்களுக்கு நடுவே அமைந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ரயில் கிடையாது. 2025 மே மாதத்தில் சுரங்க மெட்ரோவின் 3ஆம் தடத்தில் தாராவி நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் தெற்கு வடக்குத் தடமே.

2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலாவுக்குத் தொடங்கிய மோனோரயில் 2019-இல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. பயணிகள் போதிய அளவில் வரவில்லை. மக்கள் செல்ல விரும்பிய இடங்களை அது நேரடியாக இணைக்கவில்லை. வண்டிகளுக்கு இடையிலான நேரமும் அதிகம். 2025 ஆகஸ்டில் மழைநாளொன்றில் வண்டி நடுவழியில் நின்று நூற்றுக்கணக்கானோர் சிக்கிய பின், செப்டம்பரில் சீரமைப்புக்காகச் சேவை நிறுத்தப்பட்டது. இதைக்கொண்டு இப்பகுதியில் தேவையே இல்லை என முடிவு கட்டுவது பிழை. 2014 ஜூனில் திறக்கப்பட்ட வெர்சோவா–அந்தேரி–காட்கோபர் மெட்ரோவில் நிலவும் நெரிசலே குறுக்குத் தடத்தின் தேவைக்குச் சான்று.

2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோ 2-பி தடம், மேற்கு அந்தேரியின் டி.என். நகரிலிருந்து பாந்த்ரா, குர்லா, செம்பூர், மான்கூர்டு வழியாக மண்டாலே வரை ஏறத்தாழ 23 கிலோமீட்டர் செல்கிறது. பழைய பாதையின் முனைகளை ஏறக்குறைய அப்படியே இணைப்பது இது. விமான நிலையத்தைச் சுற்றிச் செல்வதால் நீளம் கூடியுள்ளது. மண்டாலே–செம்பூர் பகுதியே முதலில் ஆயத்தமாக்கப்பட்டது. ஆனால் அப்பகுதி மட்டும் இயங்கினால் அது துறைமுகத் தடத்தின் துணைப் பாதையாகவே இருக்கும். குர்லாவையும் பாந்த்ராவையும் எட்டும்போதுதான் குறுக்குப் பாதையின் பயன் கிட்டும். அப்போதும், புறநகர் நடைமேடையிலிருந்து மெட்ரோ நடைமேடைக்கு மழையில் நனையாமல், சாலையில் இறங்காமல் செல்லும் நடைபாலம் தேவை. மோனோரயில் நிலையங்கள் பலவற்றில் அத்தகைய இணைப்பு இல்லாதிருந்தது.